நசீரின் இரண்டு வரி

மார்ச் 9, திங்கள்

காலையில் மழை, மத்தியானம் பனி, பின்னேரம் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. நடைபாதை முழுக்கக் கறுத்த சேறு. சப்பாத்து இரண்டும் ஊறி, புவாண்ட்-கிளேர் கிடங்கில் எட்டு மணித்தியாலம் ஈரக் காலுறையோடு பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன்.

செய்ய வேண்டியவை: புதுச் சப்பாத்து. பல் வைத்தியர் (ஒத்திப்போடலாம்). விழாப் படத்தின் கதைச் சுருக்கம், ஒரு பக்கம், தமிழில். இதை ஒத்திப்போட முடியாது.

நேற்று க.வ. கூட்டம். க.வ. என்றால் கலை வட்டம், இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்துக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழரின் சங்கம். மொத்தம் பதினொரு பேர், ஒன்பது பேருக்குப் பதவி. நான் இலக்கிய ஆலோசகர். இலவசப் பத்திரிகையில் பதினாறு வருடமாகச் சிரிப்புப் பத்தி எழுதியதற்குக் கிடைத்த தண்டனை. இதுவரை ஒருவரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை. கதிரை அடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த வருட விழாவுக்கு நாடகம் இல்லை, நடிக்க ஆளில்லை. பதிலுக்கு ஒரு சரித்திரப் படம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஸ்பெயின். முஸ்லிம் தத்துவஞானி ஒருவர், வைத்தியரும் நீதிபதியும். அறிவும் மார்க்கமும் பகையில்லை என்று எழுதுகிறார். மதவெறிக் கூட்டம் அவரைத் துரத்திப் புத்தகங்களைக் கொளுத்துகிறது. பேச்சு அரபு, கீழே பிரெஞ்சு எழுத்து. இரண்டேகால் மணித்தியாலம்.

பார்த்துவிட்டேன். குறிப்புகள்: ஞானியின் தாடி ஒரு காட்சியிலும் கலையவில்லை, நாடு கடத்தப்பட்டபோதும். மதவெறியர் அத்தனை பேருக்கும் ஒரே தையற்காரன். அரசவை எழுத்தன் ஒருவன் வருகிறான். புத்தகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அதில் ஆபத்தான வரிகளுக்கு மேல் மை பூசுகிறவன். அந்த நடிகர் முழுப் படத்திலும் தடிமன் பிடித்தவர் மாதிரி மூக்கை உறிஞ்சுகிறார். படத்திலேயே மோசமான நடிப்பு.

தலைவருக்கு (மூன்று சங்கங்களுக்குத் தலைவர், மூன்றிலும் ஒரே உரை) படம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பார்க்கவில்லை, பிடித்துக்கொண்டது. “அவையின்ர ஆக்களே, முஸ்லிம்களே, அவையைப் பற்றி எடுத்தது. நாங்கள் சும்மா போடுறம். ஆரும் எங்களைக் குறை சொல்லேலாது” என்றார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, “எண்டாலும் மேடையில ஒரு முஸ்லிம் ஆள் இருந்தால் வடிவு. விளக்குக் கொளுத்தட்டும், மூண்டு நிமிசம் கதைக்கட்டும். ஆருக்கும் ஆரையும் தெரியுமோ?”

பத்து முகங்களும் என் பக்கம் திரும்பின. இத்தனை பெரிய நகரத்தில் க.வ.வுக்குத் தெரிந்த முஸ்லிம் ஒரே ஒருவர். அவரையும் க.வ.வுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். எனக்குக் கத்தரிக்காய் தருகிறவர்.

மார்ச் 11, புதன்

வெயில், ஆனால் பொய் வெயில். காது உறைந்தது.

வேலை முடிய ஜான்-டலோன் சந்தை. நசீர் அங்கே காய்கறிக் கடையில் நிற்கிறார். யாழ்ப்பாணத்தவர். அவருடைய தெருவும் என்னுடைய தெருவும் முதுகோடு முதுகு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதல் நாளே இது தெரிந்துவிட்டது. “அண்ணை எந்த இடம்?” என்று கேட்டார், சொன்னேன். அவரும் சொன்னார். உடனே இரண்டு பேரும் கத்தரிக்காயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். அன்றிலிருந்து கத்தரிக்காய்தான்.

மரியாதைக்கு இரண்டு கோப்பி வாங்கிப் போனேன்.

“எனக்கு வேண்டாம் அண்ணை. நோன்பு.”

மூன்று வாரமாக நோன்பு நடக்கிறது. மதசகிப்புப் படத்துக்கு ஆலோசகர் நான். இரண்டு கோப்பியையும் அவர் முன்னாலேயே குடித்தேன். இரண்டாவதில் பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு கிழவிக்கு லீக்ஸ் சுற்றிக் கொடுத்து “மெர்சி மதாம்” என்றுவிட்டு வந்தார்.

“விளக்குக் கொளுத்தமாட்டன் அண்ணை, குறை நினையாதேங்கோ. கதைக்கிறன்.”

“மூண்டு நிமிசம்தான்.”

“எதைப் பற்றி?”

“படம், மதவெறி, சகிப்புத்தன்மை. அப்பிடி ஏதும்.”

“என்ர வாழ்க்கையில நடந்ததைச் சொல்லலாமோ?”

“ஓம், ஓம்” என்றேன். வெண்டிக்காய் முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முற்றல்தான்.

மார்ச் 15, ஞாயிறு

நாள் முழுக்கப் பனி. மார்ச் நடுவில் பனி பெய்தால் அதிசயமாகப் பார்க்கிறோம், இருபத்தாறாவது வருடமாக.

க.வ. விதி: மேடையில் பேசுகிற எவரும் உரையை ஒரு வாரம் முன்னதாக எழுதித் தர வேண்டும். ஒருமுறை ஒரு கவிஞர் தன் மூட்டுவலியைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசியதால் வந்த விதி. இலக்கிய ஆலோசகர் வாசித்து, கீழே ‘பா.’ என்று போட வேண்டும். பார்த்தேன் என்பதன் சுருக்கம். தலைவர் உரைக்கு விதிவிலக்கு.

நசீரின் உரை வந்தது. கட்டம் போட்ட கொப்பித் தாள், கையெழுத்து. என் கையெழுத்தை விட நல்லது, தமிழும்தான். ஞானியைப் பற்றி ஒரு பந்தி, புத்தகத்தைக் கொளுத்துவதைப் பற்றி ஒரு பந்தி. பிறகு இரண்டு வரி:

“எனக்குப் பதினாலு வயது, ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் தந்தார்கள், துவக்கோடு சந்தியில் நின்றவர்கள் என் புத்தகப் பையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எங்களுக்காக எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் ஒரு கதவும் திறக்கவில்லை.”

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் எங்கள் துவக்குக்காரர், துப்பாக்கி தூக்கிய எங்கள் இயக்கம், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியது க.வ.வில் பதினொரு பேருக்கும் தெரியும். க.வ.வில் பதினொரு பேரும் வாய் திறக்காத ஒரே விஷயமும் அதுதான். மற்றதெல்லாம் திறப்பார்கள்.

வெட்டுவதற்குக் காரணங்கள்:

1. நேரம். (மணிக்கூட்டை வைத்து வாசித்துப் பார்த்தேன், இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. காரணம் 1 அடிபட்டது.)

2. விழாவின் நோக்கம். (என்ன நோக்கம்? தெரியவில்லை.)

3. நசீருக்கே நல்லதல்ல. (எல்லாத் தணிக்கைக்காரனும் சொல்வது.)

4. தலைவர் என்னைக் கூட்டத்தில் கிழித்துத் தொங்கவிடுவார். இதுதான்.

நீலப் பேனையால் நேர்கோடு. அடிமட்டம் வைத்துத்தான் கீறினேன், அசிங்கமாக இருக்கக் கூடாதே. வெட்ட முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். ஏன் என்று என்னையே கேட்கவில்லை. கீழே ‘பா.’.

சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்தவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கோடு மெல்லியது, கீழே எழுத்து தெரிகிறது. முழுவதையும் வாசித்தாள்.

“உங்கட பத்தியில இண்டைக்கு வரைக்கும் ஆரும் ஒரு வரி வெட்டியிருக்கினமோ?”

“இல்லை” என்றேன், பெருமையாக.

“வெட்டத் தேவையில்லாத மாதிரி எழுதுறியள், என்ன.”

இருபத்தாறு வருட மணவாழ்க்கை. தேத்தண்ணியில் சீனியும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

நோன்புப் பெருநாள். கிடங்குக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனேன். நசீர் காலையில் தொழுதுவிட்டு வேலைக்கு வந்திருந்தார், புதுச் சேட்டு, மேலே பழைய ஏப்ரன். வாழ்த்துச் சொன்னேன், தாளைக் கொடுத்தேன்.

கோட்டின் மேல் பெருவிரலை ஓட்டினார். விரலில் உருளைக்கிழங்கு மண். நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தது.

“இது நீங்கள் வெட்டினதோ, குழு வெட்டினதோ?”

“குழு” என்றேன். குழுவில் ஒருவரும் அந்தத் தாளைக் கண்ணாலும் காணவில்லை.

“சரி அண்ணை.” மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். குனிந்து மேசைக்குக் கீழிருந்து ஒரு தயிர்ப் பெட்டியை எடுத்தார். “வட்டிலப்பம். அக்காவுக்கும் குடுங்கோ.”

அந்தப் பெருநாள் இனிப்பில் முக்கால்வாசியை மெட்ரோ நிலையத்தில் நின்ற நிலையில் தின்றேன். சாந்திக்கு மூலையில் ஒரு துண்டு. நல்ல ஏலக்காய். வெட்கம் கெட்ட வாய்க்கு ருசி குறைவதில்லை.

மார்ச் 21, சனி

பனி உருகி வீதியெல்லாம் ஆறு. மண்டபத்தில் எண்பது பேர் வரை. இரண்டு மணிக்கு என்று போட்டு மூன்றுக்குத் தொடக்கம், எங்கள் கணக்கில் நேரத்துக்கே.

விளக்கைத் தலைவரின் மனைவி கொளுத்தினார். போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம். தலைவர் உரை: பத்தொன்பது நிமிடம். மதவெறி எங்கள் இனத்துக்கே தெரியாத ஒன்றாம். நாங்கள் வாழ்க்கையில் ஒரு புத்தகத்தையும் ஒரு மனிதரையும் அவமதித்ததில்லையாம். கைதட்டல். நானும் தட்டினேன், கை தானாகத் தட்டியது.

பிறகு, “அடுத்து எங்கட இஸ்லாமியச் சகோதரர் நசார்.”

நசீர் திருத்தவில்லை. எழுந்து வந்து, கண்ணாடி போட்டு, தாளை விரித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். நல்ல குரல். கோட்டுக்கு வந்ததும் நின்றார். தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“இந்த இடத்தில ரெண்டு வரி இருந்தது. குழு வெட்டிப்போட்டுது. மிச்சத்தைப் படத்தில பாருங்கோ.”

மடித்து வைத்துவிட்டுப் போய் இருந்தார்.

மண்டபம் அப்படியே சிரித்தது. பகிடி என்று நினைத்துவிட்டார்கள், அதுவும் என்னுடைய பகிடி என்று. பின் வரிசையிலிருந்து ஒருவர் என் முதுகில் தட்டினார்: “உம்மட வேலைதானே? படத்துக்கு நல்ல தொடக்கம் ஐசே.” மறுக்கவில்லை. தலையைக்கூடக் கொஞ்சம் ஆட்டினேன். என்னைப் போல ஒருவன் எனக்குக் கீழே வேலை செய்தால் அன்றைக்கே நிறுத்துவேன்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. குழு ஒன்றும் வெட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். என்னைத் தேடினார். நான் புரொஜெக்டருக்குப் பின்னால் இருந்தேன்.

படம் ஓடியது. எழுத்தன் வந்தான், மை பூசினான், மூக்கை உறிஞ்சினான். போன முறை தடிமன் என்று எழுதியிருக்கிறேன். அது தடிமன் இல்லை, அழுகையை அடக்குகிறான். நல்ல நடிகர்.

புத்தகங்கள் எரிந்து முடிய நசீர் எழுந்து கதவுப் பக்கம் போனார். வீட்டில் பெருநாள் விருந்தாளிகளாம்.

நன்றியுரை நான். படம் முடிந்ததும் பின்பக்கம் தின்ன ரோல்ஸ் பெட்டிகளைத் திறந்தார்கள், மண்டபமே எழுந்து போய்விட்டது. முன்னால் ஒன்பது பேர். அதில் ஒருத்தி பிரியா, சென்னைப் பெண், டவுன்டவுனில் கணினி வேலை, புரொஜெக்டர் அவளுடையது. கேபிளைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: “சார், அந்த ரெண்டு லைன் என்ன சார்? படம் முழுக்க அதே யோசனைதான் எனக்கு.”

போனை எடுத்தேன். மைக்கில் வாசித்தேன். ரோல்ஸ் வரிசையில் தலைவர் திரும்பினார், வாய் நிறைய ரோல். விழுங்குவதற்குள் மண்டபத்துக்கும் ஒலி அமைப்புக்கும் நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். பிரியா கேபிளைக் கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரத்தில் ஒன்பது பேர் இருபதாகியிருந்தார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

உண்மையான வெயில். தலைவரிடமிருந்து நான்கு தவறிய அழைப்பு, ஒரு தகவல்: ‘உடன் கதைக்கவும்.’ கதைக்கவில்லை. இலக்கிய ஆலோசகர் பதவி போகும். கதிரை அடுக்க வேறு ஆள் பார்க்கட்டும்.

தயிர்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சந்தைக்கு. வெறும் பெட்டி கொடுக்கக் கூடாது என்று சாந்தி சீனி நிரப்பிவிட்டாள். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

“நான் வாசிச்சனான் நசீர். மைக்கில, எல்லாருக்கும் முன்னால.”

“கேள்விப்பட்டன். எத்தினை பேர் இருந்தவை?”

“ஒம்பது. மற்றவை ரோல்ஸுக்குப் போட்டினம்.”

சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார், தோள் குலுங்க. நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கத்தரிக்காய்க் குவியலில் கையை வைத்தபடி கேட்டார்:

“ரெண்டு வரியும் வாசிச்சனீங்களோ?”

ஒரு கத்தரிக்காயை எடுத்து அழுத்திப் பார்த்தேன். நல்ல காய்.

“முதலாவதை.”

அவர் நான்கு காய் தெரிந்து, நிறுத்து, பையில் போட்டார். ஒன்றில் புள்ளி இருந்தது, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தார்.

“முதலாவது துவக்கு வைச்சிருந்தவையைப் பற்றினது அண்ணை. அதை இப்ப ஆரும் வாசிக்கலாம்.”

பையைத் தந்தார். அடுத்த ஆளிடம் திரும்பினார். “பொன்ஜூர் மதாம்.”

மெட்ரோவில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

பக்கத்துத் தெரு. மூன்றாம் வீடு, பச்சைக் கேற், எங்களுடையது. எனக்குப் பதினெட்டு வயது. யன்னல் சீலைக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. தலையணை உறைகளில் உடுப்புக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் எங்கள் கேற்றைத் தட்டினாள், தண்ணீர் கேட்டாள், கையில் பிள்ளை. கேற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அப்பா சொல்லித்தான் கொண்டியைப் போட்டேன் என்று இப்போது எழுதினேன். வெட்டிவிட்டேன். அப்பா அன்றைக்கு வீட்டில் இல்லை. போட்டது நான்.