கொயினாப் பெட்டியின் கணக்கு

கொழும்பு,
1876 ஐப்பசி 12

அன்புள்ள அண்ணன் பெரிய கங்காணி வீரையா அவர்களுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

அப்போதிக்கரி வைத்தியப் படிப்புக்கு வந்த எங்களைக் கணக்கு வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். எரிச்சல் தாங்கவில்லை. காய்ச்சல்காரனின் நாக்கைப் பார்க்கப் போகிறவனுக்கு வரவு, செலவு, இருப்பு எதற்கு? அந்த வகுப்பிலிருந்து என்னை விட்டுவிடும்படி தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள்.

அக்கா பாலம்மாவையும் மச்சானையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
இராமகிருஷ்ணன்


தெல்தோட்டை,
கார்த்திகை 20

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம்.

உன் கோபம் நியாயம். துரையின் கடிதம் இத்துடன் இருக்கிறது. தோட்டத்து மருந்துப் பெட்டியும் அதன் புத்தகமும் என் கையில்தான். நான் எந்த வகுப்புக்குப் போனேன்?

ஒரு துக்கச் செய்தி. மச்சான் இருளப்பன் போன வாரம் காய்ச்சலில் போய்விட்டார். கோப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் கூலிகளின் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் படுத்துக் கிடக்கிறார்கள். காய்ச்சல் மருந்து கொயினா கொடுத்தும் மச்சான் பிழைக்கவில்லை. பாலம்மாவின் அழுகை ஓயவில்லை. நீ மனதைத் தளரவிடாதே.

அண்ணன்,
வீரையா


கொழும்பு,
1877 தை 9

அண்ணனுக்கு,

துரையின் கடிதத்தை வாத்தியார் ஏற்கவில்லை. திட்டிக்கொண்டேதான் கணக்குப் படித்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் புத்தகத்தைப் புரட்டினேன். கூட்டல் கழித்தலில் ஒரு பிழை இல்லை. ஆனால் வகுப்பில் சொன்னபடி பெயரையும் தேதியையும் ஒத்துப் பார்த்தால், கார்த்திகையில் செத்த மச்சான் மார்கழியில் மூன்று தரம் கொயினா வாங்கியிருக்கிறார்! அவரைப்போல இன்னும் பத்துப் பேர். அக்காவிடம் கேட்டேன். "ஒரு சிட்டிகைகூடக் குடுக்கலையேடா. பெட்டி காலின்னு அண்ணன் சொல்லுச்சு" என்றாள்.

திரும்பும் வழியில், கண்டிக் கடைவீதியில் நம் தோட்டத்துச் சீட்டு ஒட்டிய கொயினாப் போத்தல்களை ஒரு கடையில் விற்பதைப் பார்த்தேன். இதற்கு என்ன பதில்?

இராமகிருஷ்ணன்


தெல்தோட்டை,
தை 17

டேய்,

நாலு எழுத்துப் படித்ததும் அண்ணனைத் திருடன் என்கிறாயா? உன் சாப்பாடு, சப்பாத்து, புத்தகம் எல்லாம் எதை விற்று வந்தது என்று நினைத்தாய்? துரை காதில் விழுந்தால் நானும் ஒழிந்தேன், உன் படிப்பும் ஒழிந்தது. வாயை மூடிக்கொண்டு படி.

வீரையா


கொழும்பு,
தை 24

வீரையா அவர்களுக்கு,

துரைக்கு எழுதிவிட்டேன். செத்துப்போன பதினொரு பேரின் பெயரும், போத்தல் விற்ற கடையும் அதில் இருக்கின்றன. அந்தக் காசில் சாப்பிட்டவன் நான் என்பதையும் எழுதியிருக்கிறேன். படிப்பு போனால் போகட்டும். அந்தக் கணக்கு வகுப்பை எத்தனை ஏசினேன்! அதை நினைத்தால் என்மேலும் ஆத்திரமாக வருகிறது.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். அக்காவின் லயத்தில் தங்குவேன். உங்கள் வீட்டில் எனக்கு இலை போட வேண்டாம்.

இராமகிருஷ்ணன்