நான் வெளியே அனுப்பாத ஆட்டக்காரன்

ஜோலார்பேட்டை,
8.11.1998

அன்பு மகள் கிரேஸிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகம், மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வர வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய போட்டோ வந்தது, முகம் இளைத்திருக்கிறது, வெயில்தான் காரணம் என்று நீ எழுதியதை அம்மா நம்பவில்லை. அவளுக்கு முட்டிவலி முன்னைக்குக் கம்மி. ஐப்பசி மழையில் குவார்ட்டர்ஸ் சமையலறைச் சுவர் ஊறிப்போய்விட்டது, எழுதிக் கொடுத்தும் இன்னும் ஆள் வரவில்லை.

அப்பா ஏன் விசிலை எடுத்து வைத்துவிட்டார், நெஞ்சுவலி ஏதாவதா, மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. ஒரு தப்பு செய்துவிட்டேன், அதை எழுதுகிறேன். செப்டம்பர் முதல் வாரம் ஆம்பூரில் எங்கள் ரயில்வே டீமுக்கும் ஆம்பூர்ப் பையன்களுக்கும் ஃபுட்பால் ஆட்டம், நான்தான் ரெஃப்ரி. வர வேண்டியவருக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை. ரயில்வேக்காரன் ஊதினால் ரயில்வேதான் ஜெயிக்கும் என்று ஆரம்பத்திலேயே கூட்டத்தில் பேச்சு. ஆளுக்கு ஒரு கோல் ஆகி இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது உயரமாக வந்த பந்துக்கு இரண்டு பேர் எகிறித் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் நம் லோகோ ஷெட் மூர்த்தி, மற்றவன் ஆம்பூரின் பின்வரிசை ஆட்டக்காரன் கலீமுல்லா, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவன். கலீமுல்லாவுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. ரத்தம் வந்தால் ஆட்டக்காரன் வெளியே போக வேண்டும், நின்றுவிட்டது என்று ரெஃப்ரி பார்த்துச் சைகை காட்டிய பிறகுதான் உள்ளே வரலாம், விதிப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். ஆனால் ஆம்பூர் டீமில் மாற்று ஆள் எல்லாம் இறங்கியாகிவிட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், கர்ச்சீப் கட்டிக்கிறேன், கொஞ்ச நேரந்தானே, இப்ப என்னை அனுப்பினா அவ்ளோதான் சார்" என்றான். கூட்டம் வேறு கத்திக்கொண்டிருந்தது. பரிதாபப்பட்டு ஆடவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன், அது முழு உண்மை இல்லை. ரயில்வேக்காரன் வேண்டுமென்றே ஆளைக் குறைத்துவிட்டான் என்று சொல்வார்களே என்று பயந்துதான் ஆடச் சொன்னேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கர்ச்சீப் நனைந்து ரத்தம் கண்ணில் இறங்கி, பந்து தெரியாமல் மூர்த்தி மேலேயே போய் விழுந்தான். மூர்த்தியின் சட்டையெல்லாம் ரத்தம், ஏற்கெனவே தோல் உரிந்திருந்த அவன் முட்டியிலும் ரத்தம். அப்போதுதான் கலீமுல்லாவை வெளியே அனுப்பினேன். அவனுக்கு ஐந்து தையல். ஆட்டம் அப்படியே சமமாக முடிந்தது, எல்லாரும் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மூர்த்தி மட்டும் பயந்துபோனான். ஷெட்டில் யாரோ எய்ட்ஸ் அது இது என்று சொல்லிவிட்டார்கள், அவன் பெண்சாதி வேறு மாசமாக இருக்கிறாள். வேலூரில் டாக்டர் இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் டெஸ்ட் எடுத்துக்கொண்டான். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம். நேரே கலீமுல்லா வேலை செய்கிற ஷாப் வாசலுக்குப் போய், ஷிஃப்டு விடுகிற நேரத்தில், நாலு பேர் எதிரில், "நீயும் டெஸ்ட் எடுத்துக் காட்டு" என்று கேட்டிருக்கிறான். அப்புறம் சொல்ல வேண்டுமா. ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு பேரணாம்பட்டு வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் அவனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது, தில்ஷாத் என்று பெயர். கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று பெண் வீட்டில் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. அக்டோபரில் ஒருநாள் சாயந்திரம் கலீமுல்லாவின் தாயார் மஹ்பூபி விசாரித்துக்கொண்டு நம் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். அம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நடந்ததையெல்லாம் நின்றபடியே சொல்லிவிட்டு, "நீங்க அன்னிக்கே அவனை வெளிய அனுப்பியிருந்தீங்கன்னா என் புள்ளைக்கு அஞ்சு தையலோட போயிருக்கும் சார்" என்றார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. முப்பது வருஷத்தில் மைதானத்தில் என்னை எவ்வளவோ பேர் திட்டியிருக்கிறார்கள், அந்த ஒரு பேச்சு மாதிரி எதுவும் என்னைத் தைத்ததில்லை.

மறுநாள் ஷெட்டுக்குப் போய் மூர்த்தியைப் பார்த்தேன். "நான் இன்னா சார் பண்ணுவேன், வீட்ல அவ அழுவுறா" என்றான். நீ மட்டும் தப்பு செய்யவில்லை, முதல் தப்பு என்னுடையது, இரண்டு பேரும் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் பேரணாம்பட்டு போனோம். தில்ஷாத்தின் தகப்பனார் ரஃபி அகமது, தோல் தரம் பிரிக்கிறவர், ஜாஸ்தி பேசாத மனிதர். டீ கொடுத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு மூர்த்தியைப் பார்த்து, "அந்தப் பையனுக்கு வியாதின்னு உனக்கு யாருப்பா சொன்னது" என்றார். "யாரும் சொல்லலை பாய். நானாத்தான் பயந்துட்டேன்" என்று சொல்லி, தன் டெஸ்ட் காகிதத்தை எடுத்து நீட்டினான். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "நீ பயந்ததுக்கு என் பொண்ணு மூணு வாரமா சரியா சாப்பிடலை. கேட்டுட்டு நானும் பொறுக்கலாம்னு சொன்னேன் பாரு, என்னையும் சொல்லணும்" என்றார். எங்கள் எதிரிலேயே ஆளை அனுப்பி, ரம்ஜான் முடிந்து பிப்ரவரியில் நிக்காஹ், முன்னே பேசினபடியே என்று மஹ்பூபி வீட்டுக்குச் சொல்லச் சொன்னார்.

அதற்கப்புறம்தான் நடந்ததை அப்படியே எழுதி வேலூரில் ரெஃப்ரிகள் சங்கச் செயலாளருக்கு அனுப்பினேன், இந்த வருஷம் எனக்கு ஆட்டம் தர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். யாருமே புகார் செய்யாதபோது நீங்களாக ஏன் பேஜார் பண்ணிக்கொள்கிறீர்கள் என்று அவர் போனில் சிரித்தார். விசிலை நான் எடுத்து வைத்தது இதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை. ஜனவரியில் திரும்பவும் விசில் ஊதப் போவேன்.

போன வாரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் கலீமுல்லாவே என்னைப் பார்த்துவிட்டு வந்தான். புருவத்தில் தழும்பு நன்றாகத் தெரிகிறது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவன் விடவில்லை. "அன்னிக்கு நீங்க வெளிய போடான்னு சொல்லியிருந்தா உங்களைக் கண்டபடி திட்டியிருப்பேன் சார். ஆனா போயிருப்பேன்" என்றான். அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது.

கர்த்தர் உன்னைக் காத்து உன் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. வார்டில் அவசரம் என்று யார் சொன்னாலும் கையுறை போடாமல் ஒருவரையும் தொடாதே, தாமதமாகிறது என்று திட்டினால் திட்டட்டும். அம்மா தனியாக எழுதுவாள்.

உன்மேல் பிரியமுள்ள அப்பா,
ஜெபசீலன்