சாணியில் முளைத்த வாக்கு

கோட்டைக்குப்பம்,
ஐப்பசி, மழை விட்ட வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி பூவிழி வணக்கத்துடன் எழுதுவது. நானும் குழந்தை அர்ச்சனாவும் சுகம். அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. அத்தைக்கு முழங்கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. மங்களூர்ப் படகில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். அன்றைக்கு நான் பாதி சொல்வதற்குள், "சாமி விஷயத்துல வாய வெக்காத பூவிழி" என்று போனை வைத்துவிட்டீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பெலிக்ஸ் அண்ணன் உங்கள் படகுக்கே வேலைக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசிவரை படியுங்கள்.

பாடு நம் கையை விட்டுப் போய்விட்டது. ஏரியில் எறா வலை கட்ட நம் வீட்டுக்கு வந்திருந்த முறை, மாமனார் காலத்திலிருந்து ஒருவரும் கைவைக்காத முறை, ஒரு குழம்புச் சட்டியால் போய்விட்டது.

போன வருஷம் சுண்ணாம்புக்குளம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து புற்றுக்காளான் கொண்டுவந்து காய்ந்த எறா போட்டுக் குழம்பு வைத்தேனே, நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். அந்த ருசி அவர் நாக்கிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. இந்த மழைக்கு ஏரிக்கரை மேய்ச்சலில் காளானைப் பார்த்தவர், அதுதான் இது என்று மடி நிறையப் பறித்துவந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். நூறு வகை மீன் தெரிந்த ஊரில் காளான் என்றால் எல்லாம் ஒன்றுதான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா தெருவில் வந்து நின்று சிரித்தார், அழுதார், வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு நாம் காயப் போட்டிருந்த வலையைக் காட்டி, "இந்த வல மூச்சு வுடுது. மேலயும் கீழயும் போவுது பாரு. அத்த தண்ணில எறக்காதீங்க" என்றார். அவ்வளவுதான், பொன்னியம்மன் இறங்கிவிட்டாள் என்று யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அந்தச் சுடரைப் பார்த்து அக்கா இன்னும் மிரண்டார்.

மறுநாள் கோயிலில் கூட்டம் போட்டார்கள். "அம்மா வாக்கு குடுத்துட்டா. இந்த வருசம் தமிழ்வாணன் வல எறங்கக் கூடாது" என்று உங்கள் பேரைச் சொல்லியே ஊர்த்தலைவர், நம் நாட்டார் தருமலிங்கம் தீர்த்துவிட்டார். நம் முறை யாருக்குப் போனது தெரியுமா? அவர் மருமகன் பிரவீனுக்கு. வரிசையில் நமக்கு அடுத்து அவன்தானாம், அதனால் நியாயமாம். அம்மனுக்கு நாட்டார் வீட்டு மருமகன்மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள். உங்கள் தம்பி கூட்டத்திலிருந்து வந்து, கோணியைப் போட்டு வலையை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா வீட்டு முறத்தில் மிச்சமிருந்த காளானை எடுத்துக்கொண்டு நாட்டார் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரியாத பொருளா இது? எங்கள் நைனா மாடு வைத்துப் பிழைத்த மனிதர். மழை பெய்த இரண்டு மூன்று நாளில் மாட்டுச் சாணியிலும் எருமைச் சாணியிலும் முளைக்கும். குடையின் நடுவில் வெல்ல நிறம், ஓரத்தில் வெளுப்பு. தண்டில் கிழிந்த பாவாடை மாதிரி ஒரு வளையம், அதன்மேல் குடையிலிருந்து கொட்டிய கருந்தூள். கிள்ளினால் கிள்ளின இடம் நீலமாகும். வெயில் ஏறினால் துவண்டுவிடும். அந்தத் தூள் புல்லில் படிந்து, புல்லோடு மாட்டு வயிற்றுக்குள் போய், சாணியோடு வெளியே வந்து அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும் என்பார் நைனா. புற்றுக்காளான் சாணியில் வராது. புற்றுக்குள்ளிருந்து நீளமாக வேர்விட்டு வரும், கிள்ளினாலும் வெள்ளையாகவே இருக்கும்.

எங்கள் ஊரில் சாணிக்காளானுக்குப் பேரே பைத்தியக்காளான். என் பெரியப்பா ஒருமுறை தெரியாமல் தின்றுவிட்டு, பொழுது சாயும்வரை வைக்கோல்போரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் எழுந்து கஞ்சி கேட்டார். அவருக்கு யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.

இவ்வளவும் சொல்லி, நாட்டார் எதிரிலேயே தண்டைக் கிள்ளிக் காட்டினேன். நீலம் பரவியது. "நீலம் அம்மா நெறம்தான?" என்றார் அந்த மனுஷன். "பொம்பளைக்குக் கூட்டத்துல பேச்சு இல்ல. ஒன் ஊட்டுக்காரன் வந்து பேசட்டும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

வயிறு எரிகிறது மாமா. மீன்கூடை தூக்கப் பெண்கள் வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும், ஊர்வரி கட்ட வேண்டும். வாயைத் திறக்க மட்டும் கூடாது. ஆனால் காளான் தின்று புத்தி கலங்கின பெண் பேசினால் அது ஊருக்கே சட்டம்.

நாலு நாளைக்கு முன் பச்சையம்மா அக்கா பின்பக்கமாக வந்தார். "எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல பூவிழி. செவுரு அசஞ்சுது, வவுறு பொரட்டுச்சு, அவ்ளோதான்" என்று அழுதார். அதைக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். புருஷன் செத்த நாளிலிருந்து ஒரு நல்ல காரியத்துக்கும் அவரை யாரும் வாசலில் சேர்த்ததில்லை. இப்போது நாட்டார் பெண்டாட்டியே காலில் விழுகிறாள். அந்த மரியாதையை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. போகும்போது மெதுவாக ஒன்று கேட்டார். எனக்குத்தான் அடையாளம் தெரியுமே, இன்னும் கொஞ்சம் பறித்துக் கொடுத்தால் இந்தத் தடவை நம் வலைக்கு நல்ல வாக்காக வரும் என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். எருமை மேய்ந்த இடம் தெரியும், மழையும் பெய்திருக்கிறது. ஒரு மடி பறித்தால் நம் முறை திரும்பிவிடும். ஆனால் அடுத்த வருஷம் யார் வீட்டுச் சோற்றை எந்தக் காளான் பிடுங்கும்? அளவு தெரியாமல் தின்று அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து அவரும் என்னோடு பேசுவதில்லை.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுபடி கூட்டம். படகுக்காரரிடம் சொல்லிவிட்டு எப்படியாவது வந்துவிடுங்கள். பாடு திரும்பவில்லை என்றாலும் போகட்டும், இந்த வருஷம் நான் கூடை சுமந்து குடும்பத்தை ஓட்டுகிறேன். ஊர் நம்பாததற்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் நம்பாததற்குத்தான் அழுதேன். கூட்டத்தில் எழுந்து நின்று, எம் பொண்டாட்டி சொல்றது நெசம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

பொன்னியம்மன் உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாவம், அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
பூவிழி