குத்தம்பாக்கத்தில் ரங்கூன் மிட்டாய்

சண்டைக்கும் சமாதானத்துக்கும் எனக்கென்று இருந்த ஒரே மாமியாருக்கு, சலாம்.

ஜெயித்துவிட்டோம் மாமி! குத்தம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நம் இரண்டாவது கடை திறந்தாயிற்று. பலகையில் 'ரங்கூன் மிட்டாய்க் கடை' என்றுதான் இருக்கிறது. அது அங்கே நிலைப்பதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே!

உங்கள் மகனுக்கு அந்தப் பெயர் வேண்டாமாம். "ரங்கூன்னா இப்ப யாருக்கு இன்னா தெரியும்? வேற பேரு வச்சிக்கலாம்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அவரை இடுப்பில் சுமந்துகொண்டு நீங்கள் கப்பலில் வந்து இறங்கியதும், பூந்தமல்லியில் 'பர்மாக்காரி' என்று கேலி பேசியவர்களுக்கே புளி மிட்டாய் விற்றதும் மறந்துபோயிற்றா அவருக்கு? கடைசியில், முதல் நாள் வியாபாரம் படுத்தால் பெயரை மாற்றிவிடுவதென்று பேச்சு.

அங்கேதான் என் புத்தி கெட்டது. கண்ணாடி அலமாரி, பளிச்சென்ற விளக்கு. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மிட்டாயின் மேல் நீங்கள் புரட்டச் சொன்ன வறுத்த அரிசி மாவு அழுக்குபோலத் தெரிந்தது. திறப்புக்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மறுநாள் மழை ஈரத்தில் ஜாடி முழுக்க ஒரே கட்டி! உங்கள் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ!

அழுகை முட்டியது. ஆனால் நான் உங்கள் மருமகள் இல்லையா? கட்டியைத் தட்டில் கவிழ்த்துக் குழவியால் உடைத்தேன். முதலில் வாய்க்கு, பிறகுதான் விலை என்பது உங்கள் வழக்கமாயிற்றே. வாசலில் நின்று, போவோர் வருவோர் கையில் எல்லாம் ஒரு துண்டு வைத்தேன்.

வாயில் போட்ட கண்டக்டர் ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா, இது பூந்தமல்லி ரங்கூன் அம்மா மிட்டாய்தானே? இஸ்கூல் படிக்கச் சொல்லோ துன்னது!"

"ஆமாண்ணே, நான் அவங்க மருமக."

அவர் பேருந்தைப் பார்த்துக் கத்தினார். "மச்சான், எறங்கி வா! ரங்கூன் மிட்டாய் இங்க கீது!"

மதியத்துக்குள் தட்டு காலி. உங்கள் மகன் ஏணியைப் போட்டு ஏறி, பலகையில் படிந்திருந்த மழைத் துளியைத் தன் துண்டால் துடைத்தார். அங்கிருந்து பார்த்தீர்களா மாமி?

பலகையை அவர் தினமும் துடைக்கட்டும். மிட்டாயை நான் இனி ஒருநாளும் துடைக்க மாட்டேன். இது சத்தியம்.

ரங்கூனைக் கண்ணால் பார்க்காத ரங்கூன்காரி,
உங்கள் மருமகள் மும்தாஜ்