இடது கோட்டுக்கு வந்த பந்துகள்

இன்று மாலை ஆபீஸ் முடிந்து வரும்போது டென்னிஸ் மைதானத்தில் கோடு போடுவதற்காகச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் பெய்த மழையின் ஈரம் புல்லில் இன்னும் இருந்தது. அந்த ஈரமும் சுண்ணாம்பும் கலந்த நெடி மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லாத இரண்டு பேர் நெட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். இத்தனை நாள் எழுதவில்லை. எழுதத் தோன்றியபோதெல்லாம் நினைப்பு அந்த இறுதியாட்டத்தில் வந்து நின்றுவிடும். அதைத் தாண்டி எழுத எனக்குக் கை வராது. இன்றைக்கு அதையே எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குளுவாங் ஸ்டேஷனுக்கு வேலைக்கு வந்தவர்கள். நான் சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நீ இஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக வந்து, டிரைவராக உயர்ந்தவன். மைதானத்தில் ஒருநாள் ஆள் குறைந்ததால் நம்மை ஜோடி சேர்த்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நம்மைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. நீ எப்போதும் இடது பாதி, நான் வலது பாதி. இடது ஓரக்கோட்டை ஒட்டி வருகிற பந்தை நீ பின்கையால் திருப்பி அடிக்கும் அழகுக்காகவே இரயில் குடியிருப்பில் பாதிப் பேர் வந்து உட்காருவார்கள்.

எனக்கு உன் கை கிடையாது, ஆனால் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வேகன்களில் கட்டிக் கழித்த பழைய சீட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்துக் குறிப்பேன். எந்தப் பாயிண்ட் யார் கையில் போனது, எந்தப் பக்கம், சர்வ் போட்டவன் முன்னால் இருந்தானா பின்தங்கி இருந்தானா என்றெல்லாம். சரக்குக்குக் கணக்கு எழுதுகிறவன் பந்துக்கும் எழுதுகிறான் என்று நீ கேலி செய்வாய். ஆனாலும் மறுநாள் வந்து, “என்னடா சொல்லுது உன் சீட்டு?” என்று கேட்காமல் இருந்ததில்லை. சிம்பாங் ரெங்கத்து எஸ்டேட் கிராணி ஒருவர், பின்தங்கும்போதெல்லாம் சர்வை நடுக்கோட்டுப் பக்கமே போடுகிறார் என்று நான் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் நீ அங்கே முன்னமே போய் நின்றுகொண்டு அடித்தாய். பாவம், அந்த மனுஷர் அதற்குப் பிறகு சர்வ் போடவே தயங்கினார்.

அந்த இறுதியாட்டம் நடந்த வருடம், போட்டியில் அரையிறுதி வரை சுலபமாக வந்தோம். அரையிறுதிக் கணக்கை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்றது. நம் பக்கம் போன பாயிண்டுகளில் முக்கால்வாசி உன் இடது ஓரத்தில் போயிருந்தன. உனக்கு எது பலமோ, அங்கேயே. தோளில் ஏதாவது வலியா என்று கேட்டேன். ஆமாம் என்று உடனே ஒப்புக்கொண்டாய். நீ எதையும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவன் அல்ல. அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

இறுதியாட்டத்துக்கு ஜொகூர் பாருவிலிருந்து வந்த ஜோடியில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர் மார்க்கர். துரைமார் கிளப்பில் சம்பளத்துக்கு இருந்து, வருகிறவர்களோடு பந்தடித்துப் பழக்கிவிடுவது அவர் தொழில். காசுக்கு ஆடுகிறவரை இதில் சேர்க்கக்கூடாது என்று சிலர் கமிட்டியில் தகராறு செய்தார்கள். நீதான் எழுந்து, வரட்டும், ஆட்டத்தையே சோறாகச் சாப்பிடுகிற ஆளோடு ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும் என்றாய்.

முதல் செட்டை நாம் எடுத்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. நான் மார்க்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜெயிக்க ஆடவில்லை. அவர் நம்மைப் படித்துக்கொண்டிருந்தார். என் காலுக்கு ஒன்று, உன் வலது கைக்கு ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, இடது ஓரத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக அனுப்பி, நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்தார். நான் சீட்டில் எழுதுவதை அவர் மனசில் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செட்டில் ஆரம்பித்தார். எல்லாப் பந்தும் உன் இடது ஓரத்துக்கே, உயரமாக. முதல் ஒன்று, இரண்டைத் தோள் வலி என்று நினைத்தேன். மூன்றாவது பந்து விழும்போது பந்தை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தேன். தோள் வலிக்கிறவன் தாமதமாகக் கிளம்புவான். நீ கிளம்பவே இல்லை. பந்து புல்லில் பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் உன் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

இஞ்சினில் உன்னைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாய். அந்தக் கழுத்து சமீபமாகக் கொஞ்சம் கோணலாக இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

செட் போனது. ஆளுக்கு ஒன்று. இடைவேளையில் நீ முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாய். உன் மனைவி அன்னம்மாள் மூன்று பெண்களோடு மழைமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெண் உன்னைப் பார்த்துக் கையசைத்தது. அது உன் இடது பக்கம். நீ பார்க்கவில்லை.

நான் கிட்டே வந்து சொன்னேன். “பக்கம் மாறிக்கலாம். நான் எடது பக்கம் நிக்கிறேன்.”

“எதுக்கு? இத்தன வருஷமா மாறாதது இப்ப எதுக்கு?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியும்.”

நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். ஈரம் போன பிறகும் துடைத்தாய். பிறகு வலது பாதிக்குப் போய் நின்றாய். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

வலது பாதியில் நீ நின்றால் உன் இடது பக்கம் மைதானத்தின் நடு. அங்கே நான் இருப்பேன். அதுதான் என் கணக்கு. நடுவில் வருகிற ஒவ்வொரு பந்துக்கும் “என்னுது” என்று கத்திக்கொண்டு ஓடினேன். கேம்கள் மாறி மாறிப் போயின. யாரும் முந்தவில்லை.

மார்க்கருக்கு என் கணக்கு புரிய அதிக நேரம் ஆகவில்லை. முதலில் ஒரு பந்தை என்னுடைய ஓரக்கோட்டுக்கு வெகு அகலமாக அனுப்பினார். நான் ஓடி எப்படியோ திருப்பிவிட்டேன். ஆனால் நடு திறந்து கிடந்தது. அடுத்த பந்தை அவர் அந்த இடைவெளியில் தன் முழுப் பலத்தோடு அடித்தார். அது உன் இடது நெற்றிப்பொட்டில் பட்டது.

நீ கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. எதிரே வருகிற பந்துக்குக் கண்ணை மூடாத மனிதன் கிடையாது. நீ ஒரு முழங்காலில் உட்கார்ந்தாய். நான் ஓடிவந்தேன். அதற்குள் எழுந்து, ஒன்றுமில்லை என்று சிரித்துக் கூட்டத்துக்குக் கையைக் காட்டினாய். நெட்டுக்கு அந்தப் பக்கம் மார்க்கர் அசையாமல் நின்றார். அவர் உன் காயத்தைப் பார்க்கவில்லை. உன் கண்களைத்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்த அடிக்கு அப்புறம் உன் இடது பக்கம் அவர் ஒரு பந்துகூட அனுப்பவில்லை. ஆட்டம் இழுபறியாக இருந்தது, ஜெயிக்க அவருக்கு அந்த ஒரு வழி போதும். எல்லாம் உன் வலது கைக்கோ என் பக்கமோ வந்தன. அந்தக் கைக்கு வந்ததை நீ விடுவாயா? ஜெயித்தோம்.

உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நெட்டருகே மார்க்கர் என் கையைக் குலுக்கினார், விடவில்லை.

“அவருக்கு எடது கண்ணு எப்பலேருந்து தெரியல?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“என்ன வேல பாக்குறாரு?”

“இஞ்சின் டிரைவர்.”

அவர் என் கையை விட்டுவிட்டார். தோளில் போய்க்கொண்டிருந்த உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மட்டையை, அது வளையாமல் இறுக்கிப் பிடிக்கும் மரச்சட்டத்தில் வைத்துத் திருகினார். என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கோப்பையைக் கொடுத்த இரயில்வே துரை, அடி வாங்கியும் கலங்காமல் ஆடினவன் என்று உன்னைப் புகழ்ந்தார். இப்படிப்பட்ட நிதானமான ஆளுக்குச் சரக்கு வண்டி போதாது, அடுத்த மாதத்திலிருந்து இராத்திரி மெயில் வண்டியை இவனே ஓட்டுவான் என்று அங்கேயே அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கைதட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? மெயிலில் எத்தனை பெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை தலை என்று எனக்குத் தெரியும். கணக்கு என் பழக்கம்.

மறுநாள் ஞாயிறு. நீ பூசை முடிந்து மாதாகோயிலிலிருந்து வரும் வழியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். நெற்றியில் வீக்கம் நீலமாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே நீ சொல்ல ஆரம்பித்துவிட்டாய். போன கிறிஸ்மஸுக்கு முன்னால் இடது கண் ஓரத்தில் புகை மாதிரி வந்தது. இப்போது அந்தப் பக்கம் முழுக்கப் புகைதான். அடுத்த கண் பரிசோதனைக்கு இன்னும் காலம் இருந்தது. உன் இஞ்சினில் பயர்மேனாக இருந்த மலாய்க்காரன் மாட் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

“அவன் பாத்துச் சொல்லிடுறான். ஹிஜாவ்னு கத்துனா பச்ச. மேராஹ்னு கத்துனா செவப்பு. ஒரு நாளும் தப்புனது இல்ல.”

“அவன் கரி அள்ளக் குனிஞ்சிருக்கிற நேரத்துல?”

நீ நெற்றி வீக்கத்தைத் தடவினாய்.

“நேத்து நான் ஓரத்துக்கு ஓடுன நேரத்துலதான் உனக்கு அடி பட்டுச்சு,” என்றேன்.

நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். “மூணும் பொம்பளப் புள்ளைங்கடா. இந்த வேல போனா வீடும் போயிடும். எங்க கொண்டுபோய் வைப்பேன் அதுங்கள?”

ஆனாலும் கேட்டேன். “நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

என்னைப் பார்ப்பதற்காக உன் முகத்தை முழுதாகத் திருப்பினாய். “உன் இஷ்டம்,” என்றாய். போய்விட்டாய்.

அந்த மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ சரக்கு வண்டியோடு போகும் நாட்களில் ஊதல் சத்தம் கேட்கும்வரை என் பேனா ஓடாது. கேட்டதும் ஒரு மூச்சு விடுவேன்; நாளைக்கு மறுபடி உண்டே என்று தோன்றும். ஸ்டேஷனில் எதிரே வந்தால் நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். மைதானத்துக்கு இருவருமே போகவில்லை. இரயில்வே டாக்டரின் அறை என் ஆபீசுக்கு அடுத்த கட்டிடம். அவர் வாசல்படிக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். உள்ளே போனால் உன் பெண்கள் கண் முன்னே வரும். திரும்பி வந்தால் மெயிலின் ஜன்னல்களில் தெரியும் முகங்கள் வரும். நாட்கள் நெருங்கிக்கொண்டே வந்தன.

மெயிலுக்குப் புறப்பட வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலையில் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய்.

“டாக்டர்கிட்ட போறேன். கூட வர்றியா?”

கூட வந்தேன். டாக்டர் உன் வலது கண்ணை அட்டையால் மூடிவிட்டு, எத்தனை விரல் என்று கேட்டார். நினைத்திருந்தால் நீ ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

“கையே தெரியல, டாக்டர்,” என்றாய்.

அன்றோடு உன்னை இஞ்சினிலிருந்து இறக்கிவிட்டார்கள். துரை ஆட்டத்தை மறக்கவில்லை போலிருக்கிறது, வேலையை விட்டு அனுப்பாமல் சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் துடைக்கிற அறையில் போட்டார். சம்பளம் சரிபாதிக்கும் கீழே. வீடு மாறியது, ஒரே அறையில் ஐந்து பேர். மூத்த பெண் படிப்பை விட்டாள். அன்னம்மாள் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்தான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன் என்று குடியிருப்பில் பேச்சு. நீ அதை மறுத்துப் பார்த்தாய். யாரும் நம்பவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மட்டையோடு என் வாசலில் வந்து நின்றாய். “வா, போலாம்,” என்றாய். அதற்குப் பிறகு, உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் வரும்வரை ஆடினோம். நீ வலது பாதி, நான் இடது பாதி. பெரும்பாலும் தோற்றோம். அந்த மாதத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னைப் புதைத்த அன்று கல்லறையிலிருந்து எல்லாரும் கலைந்த பிறகு அன்னம்மாள் என்னிடம் வந்தாள். இத்தனை வருடத்தில் அன்றுதான் பேசினாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். டாக்டர்கிட்ட போறதுக்கு மொத நாளு நான் அவர்கிட்ட அழுதேன். அண்ணன் போய்ச் சொன்னா சொல்லட்டும், நீங்களா ஏன் போறீங்கன்னு கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘அவன் சொல்ல மாட்டான். சொல்லாம இருந்து, வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் அவன் மனுஷனா இருக்க மாட்டான். நான் போயிடுறேன்’னாரு.”

அவள் பெண்களை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

டாக்டர் வாசலின் அந்தப் படியில் ஏறியிருப்பேனா மாட்டேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருந்தது. நான் எப்படிப்பட்டவன் என்று நானே பார்த்துவிடாதபடி நீ முந்திக்கொண்டு போய்விட்டாய். அதற்கு உன் இஞ்சினை, வீட்டை, பெண்ணின் படிப்பைக் கொடுத்தாய். தெரியாத அந்த ஒன்றோடுதான் தினமும் எழுந்து வேலைக்குப் போய் வருகிறேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான், நண்பா.