பாலிக் புலாவ் வழியாக இரண்டு தரம்

சிவமயம்

பாயா ரும்புட்,
மலாக்கா.
14-9-1953

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு,

அம்மாவின் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். நீ பள்ளிக்கூட வாத்தியார் மணியத்தோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்த நாளிலிருந்து உனக்கு ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பது உன் அப்பாவின் உத்தரவு. இரண்டு வருடம் மீறாமல் இருந்தேன். இப்போது மீறுகிறேன். ஏன் என்று உனக்கே தெரியவரும். முதலில் நாங்கள் பினாங்கு பார்த்த கதையைக் கேள்.

போன மாதம் அப்பாவுக்கு இருமல் விடவேயில்லை. கொஞ்சம் காற்று மாறினால் நல்லது என்றார் டாக்டர். கடல்காற்றுக்குப் பக்கத்திலேயே உம்பாய் இருக்கிறதே என்றேன். "அது மீன் மணக்கிற காத்து. எனக்கு மலைக்காத்தும் வேணும்" என்றார். மலையும் கடலும் ஒன்றாய் இருப்பது பினாங்கில்தானாம். நில ஆபீசில் முப்பது வருடம் பெரிய கிளார்க்காக இருந்த மனிதர் அல்லவா, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினார். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ பினாங்கில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று தெரியாது. அவருக்கு எதுவுமே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

தம்பினில் ரயில் ஏறினோம். துப்பாக்கிக்காரர்களை ஏற்றிய வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் காவலுக்குப் போனது. கப்பலில் தீவுக்கு வந்து இறங்கியதும் அப்பா கார் வாடகைக்கு விடும் ஒரு சீனத் தவுக்கேயிடம் பச்சைக் கார் ஒன்றைப் பேசினார். டிரைவரும் தருகிறேன் என்றார் தவுக்கே. அப்பா தன் லைசென்சை எடுத்து நீட்டினார். அது மலாக்காவில் வாங்கியது. மலாக்காவில் ஏது மலை? செயின்ட் பால் குன்றுக்குக்கூட நாம் நடந்துதானே ஏறுவோம்.

தெலுக் பகாங் தாண்டியதும் சாலை மலைமேல் பாம்பாக நெளிந்து ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் அப்பா காரை நிறுத்தினார். "இஞ்சேரும், இறங்கிப் போய் எதிரிலை ஏதும் வருகுதோ எண்டு பாரும்" என்பார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வளைவு வரை நடந்து, வழி காலி என்றால் கைக்குட்டையை ஆட்ட வேண்டும். அப்புறம் கார் வரும். பினாங்கைக் காரில் சுற்றிப் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதித் தீவை நடந்துதான் பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை ஏறிய ஒரு சீனர் எங்கள் காரை முந்திப் போனார். வளைவில் கைக்குட்டையோடு நின்ற என்னைக் கண்டதும், அவசரகாலம் அல்லவா, என்னையும் சோதனைக்காரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பயபக்தியோடு அடையாளக் கார்டை எடுத்துக் காட்டினார். நானும் பார்த்துத் தலையாட்டி அனுப்பினேன்.

உண்மையான சோதனை மலை இறக்கத்தில் இருந்தது. ஒரு மலாய்ப் போலீஸ் சார்ஜனும் இருளாண்டி என்ற நம் பையன் ஒருவனும் வேறு இரண்டு பேரும் காரை மறித்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அந்தப் பாதையில் சோறு கொண்டுபோகத் தடையாம். என் டிபன் கேரியரில் இருந்தது புட்டு. "சோறுதானே கூடாது? இது புட்டு. அரசாங்க உத்தரவிலை புட்டு எண்ட சொல்லே இல்லை" என்று அப்பா ஆரம்பித்தார். பிறகு அதையே இங்கிலீஷிலும் மலாயிலும் சொன்னார். இருளாண்டி என்னிடம், "அரிசி மாவுதானேம்மா? உண்மையச் சொல்லுங்க லா" என்றான். நான் பொய் சொல்வேனா? சார்ஜன் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. இன்னொரு பிடி எடுத்தார். மற்றவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், அரிசிதான், கொண்டுபோகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது கேரியரில் கொண்டுபோவதற்குச் சம்பல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அப்பா அன்று முழுவதும் புகார் மனு ஒன்றை மனதுக்குள் எழுதிக்கொண்டே ஓட்டினார்.

பாலிக் புலாவ் வந்ததும் அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பி, ஒரு பலகை வீட்டுக்கு முன்னால் காரை நடை வேகத்துக்குக் கொண்டுவந்தார். "அங்கை பாரும், நல்ல சாதிக்காய் மரம்" என்று வலது பக்கம் கையைக் காட்டினார். முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது. நானும் இடது பக்கம் பார்த்தேன். கொடியில் காய்ந்த சேலை நான் உனக்குத் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துணிகள்.

கார் நிற்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மலையைச் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தரம் சுற்ற வேண்டும் என்றார். அன்று வளைவுகளில்கூட என்னை இறக்கிவிடவில்லை. உன் வீட்டு வாசல் வந்ததும் எஞ்சின் கொதிக்கிறது என்று நிறுத்தினார். என்னை இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, தானே தண்ணீர்த் தகரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மருமகன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். உன்னைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா வாசலோடு திருப்பி அனுப்பிய பிள்ளை. அடையாளம் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. "தண்ணிதானேங்க ஐயா? நான் ஊத்துறேன், புள்ளையக் கொஞ்சம் புடிச்சிக்கிங்க" என்று சொல்லி, அப்பா யோசிப்பதற்குள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தகரத்தை வாங்கிக்கொண்டார்.

வேணி, அப்பா அந்தக் குழந்தையை ஆபீஸ் ஃபைலைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தது. அவர் தடுக்கவேயில்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. மருமகன் ஊற்றியதெல்லாம் ரோட்டில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் இன்னொரு தகரமும் கொண்டுவந்து நிதானமாக ஊற்றினார். நல்ல பிள்ளை.

"வீட்ல பசாருக்குப் போயிருக்காங்க ஐயா, பத்து நிமிசத்துல வந்துருவாங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அப்பா குழந்தையைக் கொடுக்காமல் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். ஒன்பது நிமிடம் போனது. அதற்குமேல் அவருக்குத் தைரியம் இல்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தாங்க்யூ, மாஸ்டர்" என்று சொல்லி வந்து காரை எடுத்தார்.

சந்தி திரும்பும்போது நீ கறுப்புக் குடையும் கூடையுமாக எதிரே வந்தாய். மெலிந்திருக்கிறாய். அப்பா ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஹார்னை அழுத்தினார், விடாமல் அழுத்தினார். நீ பயந்து புல்லில் ஒதுங்கி நின்றாய். எந்தக் கிறுக்கன் இது என்று திட்டியிருப்பாய். திட்டினாலும் பரவாயில்லை. அவருக்கு அப்போது அதுதான் வந்தது.

இருமல் நின்றுவிட்டது. ஆனால் வீட்டில் இப்போது புதுச் சண்டை. குழந்தை ஆண் என்கிறார் அவர், பிடி அவ்வளவு பலமாக இருந்ததாம். கையில் வளையல் கண்டேன், பெண்தான் என்கிறேன் நான். பெயர் கேட்டீர்களா என்றால் பத்திரிகையை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

பதிலை இந்த வீட்டு விலாசத்துக்கே என் பெயருக்குப் போடு. தபால்காரரிடம் கடிதம் வாங்குவது அப்பாதான். எனக்கு வரும் கடிதத்தை அவர் பிரிக்கமாட்டார், அந்த மரியாதை அவரிடம் உண்டு. ஆகையால் குழந்தையின் பெயரை உள்ளே எழுதாதே. உறையின் பின்பக்கம், அனுப்புகிறவர் பெயர் எழுதும் இடத்தில், பெரிய எழுத்தில் எழுது.

உங்கள் மூன்று பேரையும் சிவபெருமான் காப்பார்.

என்றும் உன்
அம்மா,
பாலாம்பிகை