பின்பக்கம் எழுதியிருந்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே உன்னைக் கலங்கடிக்க மனசில்லை. மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? வாண்டு பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிறாளா? போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தபின், ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை என்று அப்பாவுக்குத் தாள் கொடுத்தார்கள். ஃபிரேம் கடைக்காரர் வேறென்ன செய்வார்? அன்றைக்கே கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். ஊரார் கல்யாணப் படத்துக்கெல்லாம் சட்டம் அறுத்த மனுஷன் தனக்கென்று போட்டுக்கொண்ட முதல் ஃபிரேம் அது. படம் எடுத்து உனக்கும் அனுப்பச் சொன்னார். நீ பதிலுக்குப் போனில் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினாய்.

அந்தத் தாளின் பின்பக்கம் டாக்டர் கையால் எழுதியிருந்தார். கிருமி போய்விட்டது, ஆனால் இத்தனை வருஷத்தில் ஈரலில் தழும்பு விழுந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று. அப்பா திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தாள் சுருங்கக் கூடாதென்று பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார். நான் படித்திருந்தேன். பசை தடவும்போது பக்கத்தில்தான் நின்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நாளைக்குச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் சொன்னபோதெல்லாம் எரிந்து விழுந்தார். நானும் ஓய்ந்துபோய் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

போன வாரம் கால் வீங்கியது. கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். ஈரலில் சின்னதாக ஒரு கட்டி தெரிகிறதாம். சின்னதாக இருக்கும்போதே பார்த்தால் வழி இருக்கிறது, இருபதாம் தேதி பெரிய ஸ்கேனுக்கு வாருங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், "கிருமியே இல்லன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டு இப்ப கட்டிங்கிறாங்க. நான் வரலை, ஆளை விடு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்க் கண்ணாடி அறுக்க உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவும் வரவில்லை.

நேற்று விடாப்பிடியாகக் கேட்டேன். "மறுபடி நோய்னு தெரிஞ்சா அவ குழந்தையக் கண்ணுலயே காட்ட மாட்டா" என்றார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கு நோய் இருந்த சமயம் நீ கைக்குழந்தையோடு வந்தபோது அவர் தூக்கக் கை நீட்டினார், நீ சட்டென்று பிள்ளையை இழுத்துக்கொண்டாய். பயம் யாருக்கும் வரும். ஆனால் டாக்டரிடம் கேட்டேன், தூக்கினால், முத்தம் கொடுத்தால் ஒட்டுகிற நோயே இல்லையாம் அது. இப்போது கிருமியும் கிடையாது. இந்தக் கட்டி பழைய தழும்பால் வந்ததாக இருக்கும் என்கிறார்.

இருபதாம் தேதிக்குள் அப்பாவைக் கூப்பிடு. ஸ்கேன் என்ற பேச்சையே எடுக்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள்தான் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல். லீவு கிடைக்காவிட்டாலும் சொல்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு அலுத்துப்போய்விட்டது, கண்ணு. ஆனால் அவரும் இல்லையென்றால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

உன் அம்மா